டீ குடிச்சா தசை வளருமா? ஒரு 360 வருஷக் கதை

1/
போன வாரம் ஓபி-க்கு ஒரு பாட்டி வந்தாங்க. வயசு 72. ஸ்டூல்ல உட்கார்ந்தவங்களால தானா எழ முடியல. மகன்தான் அக்குள்ல கை கொடுத்துத் தூக்கினார். கெண்டைக்கால் சதையே இல்லாம எலும்போட ஒட்டிக் கிடந்தது. "என்ன சாப்பிடறாங்க?"ன்னு கேட்டேன்.

2/
"சோறு ரெண்டு வாய்தான் டாக்டர். அப்பப்போ பன்னு, ரஸ்க்கு. ஆனா பால் ஊத்தாத டீ அஞ்சு வேளை குடுத்துடறோம். பிளாக் டீ குடிச்சா தசை வளரும், வயசாகறது தள்ளிப்போகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்றார் மகன். அம்மா மேல அவ்வளவு அக்கறை அந்தக் குரலில்.

3/
அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் "இல்லப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது என்று புரிய, தேயிலையின் வரலாற்றையும் தசையின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கணும். கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு டீ போட்டுக்கிட்டு வாங்க.

4/
சுமார் 1660. லண்டன். தாமஸ் கார்வே என்ற வியாபாரி தன் காபிக் கடையில் தேயிலை விற்கிறார். அதற்கு ஒரு நோட்டீஸ் அடிக்கிறார். தேநீர் உடம்பைச் சுறுசுறுப்பாக்கும், வலுவாக்கும், தள்ளாத வயசு வரைக்கும் ஆரோக்கியத்தைக் காப்பாற்றும் என்பது அதன் சாரம். தலைவலி முதல் வயிற்றுக் கோளாறு வரை எல்லாத்துக்கும் அதிலேயே மருந்து.

5/
கவனிச்சீங்களா? தசை, முதுமை ரெண்டுமே அந்த நோட்டீஸிலேயே வந்துவிட்டது. ஆனால் தேயிலைக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தசை எதனால் ஆனது என்றும் தெரியாது. வாக்குறுதி முதலில் வந்தது. ஆதாரம் 300 வருஷம் கழித்து, மெதுவாக, துண்டு துண்டாகத்தான் வந்தது.

6/
எவ்வளவு தெரியாமல் இருந்தார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். தாவரங்களுக்கு முறையாகப் பேர் வைத்த லின்னேயஸ் இருக்காரே, அவரே 1762-ல் பச்சைத் தேயிலைக்கு ஒரு செடி, கருப்புத் தேயிலைக்கு வேறொரு செடி என்று இரண்டு பெயர் எழுதி வைத்தார். 1840-களில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்து தாவரவியலாளர் சீனாவுக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே தெளிவானது. செடி ஒன்றுதான். பக்குவம்தான் வேறு.

7/
இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம ஊர்ல 'பிளாக் டீ' என்றால் பால் ஊற்றாத டீ. விஞ்ஞானத்தில் அப்படி இல்லை. பறித்த இலையை வாட்டி, நசுக்கி, காற்று பட விட்டுக் கருக்க வைத்தால் அது பிளாக் டீ. டீக்கடை மாஸ்டர் பால் ஊற்றி ஆத்தித் தர்றாரே, அதுவும் பிளாக் டீ தூள்தான்.

8/
அந்தக் கருக்கும் வேலையைத் தோட்டங்களில் 'ஃபெர்மெண்டேஷன்' என்பார்கள். மாவு புளிக்கிற மாதிரி ஏதோ கிருமிகள் செய்கிற வேலை என்று நினைத்து வைத்த பெயர். 1900-ல் இந்தியத் தேயிலைச் சங்கத்தின் அறிவியல் அதிகாரியாக வந்தவர் ஹெரால்ட் மான். இது கிருமி வேலை இல்லை, இலைக்குள்ளேயே இருக்கும் நொதியின் வேலை என்று சொன்ன ஆரம்பகால ஆய்வுகளில் அவருடையது முக்கியமானது. நறுக்கி வைத்த வாழைக்காயும் ஆப்பிளும் கருக்குதே, அதே வேதியியல்தான். தப்பான பெயர் மட்டும் இன்னிக்கும் நிலைத்துவிட்டது.

9/
சரி, அந்த நொதி எதைக் கருக்குகிறது? இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய வழி திறந்தவர் ஜப்பானின் மிச்சியோ சுஜிமுரா. 1929-ல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டசின் என்ற பொருளைத் தனியாகப் பிரித்தார். 1932-ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஜப்பானில் வேளாண் அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்.

10/
பச்சை இலையில் இருக்கும் இந்தக் கேட்டசின்கள் காற்றுப் பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, புதுப் பொருளாக மாறுகின்றன. 1950-களில் ஈ. ஏ. எச். ராபர்ட்ஸ் என்ற வேதியியலாளர் இதைப் பிரித்துக் காட்டினார். கருவி என்ன தெரியுமா? பேப்பர் குரோமட்டோகிராபி. வடிதாளில் ஒரு சொட்டு வைத்து, கரைசல் ஊறி ஏறும்போது நிறங்கள் தனித்தனியாகப் பிரிவதைப் பார்க்கிற முறை. பள்ளியில் இங்க் பேனா மையை வைத்து நாம் விளையாடினதுதான்.

11/
அவர் பிரித்ததில் இரண்டு கூட்டம். ஆரஞ்சு கலந்த தங்க நிறம் தருவது தியாஃப்ளேவின். செம்பழுப்பு நிறம் தருவது தியாரூபிஜின். கண்ணாடி கிளாஸில் டீயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் ஒரு பொன்னிறம் மினுங்குமே, அதில் தியாஃப்ளேவினுக்குப் பெரிய பங்கு உண்டு. காய்ந்த டீத்தூளில் இது ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம்தான். தியாரூபிஜின் 10 முதல் 20 சதவீதம்.

12/
தசைச் செய்திகளில் ஹீரோவாக வருவது இந்தத் தியாஃப்ளேவினும் அதன் உறவுக்காரர்களும்தான். டீ பக்கக் கதையை இங்கே நிறுத்திக்கலாம். இப்போ தசைப் பக்கம் போவோம். அது வேற ஊர்ல, வேற ஆட்களோட நடந்த கதை.

13/
1961. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனம். அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசை நாரை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார். ஒவ்வொரு நாரின் ஓரத்திலும், அதன் உறைக்கு அடியில், சின்னதாக ஒரு செல் ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. கிரகத்தைச் சுற்றும் துணைக்கோள் போல இருந்ததால் 'சாட்டிலைட் செல்' என்று பெயர் வைத்தார். மொத்தமே சில பக்கக் கட்டுரை.

14/
அந்தத் தூங்கும் செல்தான் தசையின் சேமநிதி. தசை கிழிந்தாலோ, கூடுதல் சுமை விழுந்தாலோ அது விழிக்கும். பெருகும். ஒன்றோடொன்று இணையும், அல்லது பழைய நாரோடு போய்ச் சேரும். இப்படித்தான் தசை தன்னைப் பழுது பார்க்கிறது. வயசு ஏற ஏற இந்தச் செல்களின் எண்ணிக்கையும் குறைகிறது, எழுப்பினால் எழுகிற வேகமும் குறைகிறது.

15/
1977-ல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தில் டேவிட் யாஃபேயும் ஓரா சாக்ஸெலும் காயப்படுத்திய எலித் தசையிலிருந்து செல்களை எடுத்து, தட்டில் தொடர்ந்து வளர்க்கும் ஒரு வரிசையை உண்டாக்கினார்கள். அதன் வாரிசுதான் 'சி2சி12'. உலகம் முழுக்க தசை ஆய்வகங்களில் இன்றைக்கும் ஓடுகிற குதிரை. 1987-ல் சியாட்டிலில் ஹெரால்ட் வைன்ட்ராபின் குழு 'மையோ-டி' என்ற மரபணுவைக் கண்டுபிடித்தது. தோல் பக்கத்துச் செல்லில் அதை ஒன்றை மட்டும் இயக்கினாலே அது தசைச் செல்லாக மாறத் தொடங்கியது.

16/
இப்போ ரெண்டு கதையும் சந்திக்கிற இடம். தட்டில் எலியின் தசைச் செல்கள். மேலே சில சொட்டு டீச் சேர்மம். மையோ-டி கூடுதா? செல்கள் சேர்ந்து நீளமான குழாய்களாகுதா? கேட்டசின், தியாஃப்ளேவின் குடும்பச் சேர்மங்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளில் 'ஆமாம்' என்று பதில் வந்திருக்கிறது. எலி, சுண்டெலிகளிலும் தசை தேய்வது குறைந்ததாகச் சில முடிவுகள் உண்டு. வாட்ஸ்அப் செய்தியில் இருந்த உண்மை இதுதான்.

17/
இங்கே நான் ஒரு கேள்வி கேட்கணும். தட்டில் ஊற்றிய அளவு டீச் சேர்மம், நாம் டீ குடித்தால் நம் தசைக்குப் போய்ச் சேருமா?

18/
2001-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை நேராகவே அளந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண். இருவரும் 700 மில்லிகிராம் தியாஃப்ளேவினை ஒரே தடவையில் உட்கொண்டார்கள். சுமார் 30 கப் டீயில் இருக்கிற அளவு அது. ரத்தத்தில் அதிகபட்சமாக எவ்வளவு தெரிந்தது? பெண்ணுக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஆணுக்கு அதிலும் பாதி.

19/
ஆய்வகத் தட்டுகளில் பெரும்பாலும் மைக்ரோமோலார் கணக்கில்தான் ஊற்றுவார்கள். தியாஃப்ளேவினில் 1 மைக்ரோமோலார் என்றால் லிட்டருக்கு சுமார் 564 மைக்ரோகிராம். 30 கப் குடித்தும் வந்தது 1. தட்டில் இருப்பது 564, பல சமயம் அதற்கும் மேல். மகன் பாட்டிக்குக் கொடுத்தது 5 கப். கணக்கு உங்களுக்கே புரிந்திருக்கும்.

20/
அதுக்காகக் குடித்த டீ வீண் என்று அர்த்தம் இல்லை. உறிஞ்சப்படாத பெரிய மூலக்கூறுகள் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைச் சின்னத் துண்டுகளாக உடைக்கின்றன. அவற்றில் சில ரத்தத்தில் சேர்கின்றன. டீயால் உடம்புக்கு நன்மை என்றால் அதில் இந்தத் துண்டுகளுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் தட்டில் சோதித்த பொருள் வேறு, தசைக்குப் போகிற பொருள் வேறு என்பதை மறக்கக் கூடாது.

21/
"சரி டாக்டர், மனுஷங்களைப் பார்த்து என்ன சொல்றாங்க?" நியாயமான கேள்வி. தசைக்கு முன்னால் இதயத்தில் இதே ஆசை வந்தது. 1993-ல் நெதர்லாந்தின் சுட்ஃபன் ஊரில் 805 முதியவர்களைப் பார்த்தார்கள். ஃப்ளேவனாய்டு அதிகம் எடுத்தவர்களுக்கு இதயநோய் மரணம் குறைவு. அதில் பாதிக்கு மேல் டீயிலிருந்தே வந்தது. உலகமே கொண்டாடியது.

22/
1997-ல் அதே ஆய்வாளர் வேல்ஸின் கெயர்ஃபிலி ஊரில் பார்த்தார். அங்கேயும் ஃப்ளேவனாய்டின் முக்கிய மூலம் டீதான். ஆனால் அந்த நன்மை தெரியவில்லை. அங்கே அதிகம் டீ குடித்தவர்களில் உழைக்கும் வர்க்கத்தினர் அதிகம், புகைப்பவர்கள் அதிகம். டீ குடிக்கிறவர் வேறென்ன செய்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்பதும் கிளாஸோடு சேர்ந்தே வருகிறது. நம்ம பாட்டியின் கிளாஸோடு வந்தது பன்னும் ரெண்டு வாய் சோறும்.

23/
இப்போ முதுமைக்கு வருவோம். வயசானால் சதை வற்றுவது ஆதிகாலத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும். ஆனால் மருத்துவத்தில் அதற்கு ஒரு பெயரே இல்லாமல் இருந்தது. 1988-ல் அமெரிக்காவில் அல்புகர்க் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், இதற்குப் பெயர் இல்லாததால்தான் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை என்று இர்வின் ரோசன்பெர்க் பேசினார். கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'பீனியா' என்றால் பற்றாக்குறை. அவர் வைத்த பெயர் சார்கோபீனியா.

24/
பெயர் வந்த அதே காலத்தில் போஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் ஒரு காரியம் செய்தார். முதியோர் காப்பகத்தில் இருந்த, 86 முதல் 96 வயது வரையிலான 10 பேர். அவர்களுக்கு 8 வாரம் காலுக்கு எடை தூக்கும் பயிற்சி. அந்த வயசில் எடையா என்று பலரும் பயந்த காலம் அது. 9 பேர் முழுசாக முடித்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்தார்கள். இது வெளியான வருஷம் 1990.

25/
1994-ல் அவரே இன்னும் பெரிதாகச் செய்தார். 72 முதல் 98 வயது வரை 100 பேர், 10 வாரம். நாலு குழு: பயிற்சி மட்டும், சத்து பானம் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாமல். பயிற்சி செய்தவர்களுக்குத் தசை பலம் 113 சதவீதம் கூடியது. செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தளர்ச்சி குறையவே இல்லை.

26/
இந்த த்ரெட்டில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைப்பதாக இருந்தால் அந்த 1994-ஐ வையுங்க. தூங்கும் சாட்டிலைட் செல்லை எழுப்புவதில் நமக்கு உறுதியாகத் தெரிந்த வழி, தசை மேல் சுமை வைப்பதுதான். எழுந்த செல்லுக்கு வேலை செய்ய ப்ரோட்டீன் வேணும். கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டு செங்கல் வாங்கித் தராமல் இருந்தால் சுவர் எழும்புமா? டீ அந்தக் கொத்தனாருக்குத் தர்ற டீ மாதிரிதான். தரலாம், நல்லது. ஆனா அதை வெச்சே வீடு கட்ட முடியாது.

27/
ப்ரோட்டீன் கணக்கு பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் தேவை. பால் ஊற்றாத டீயில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டலில் 12. (கிட்னி பிரச்சினை உள்ளவங்க மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வெச்சுக்கோங்க.)

28/
இன்னொரு பக்கமும் இருக்கு. 1975-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோறு, ரொட்டி இவற்றோடு டீ குடிக்க வைத்து அளந்தார்கள். உணவிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது நன்றாகவே குறைந்தது. டீயின் துவர்ப்புப் பொருள் குடலிலேயே இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம் பாட்டிக்கு ஹீமோகுளோபின் 8.2. ரத்தம் இல்லாத உடம்பு, தசைக்கு ஆக்சிஜன் எங்கிருந்து தரும்?

29/
"அப்போ டீச் சத்தை மாத்திரையா வாங்கித் தரலாமா?" வேண்டாம். கிரீன் டீ சாறு மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே, மாத்திரை வடிவில் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈஜிசிஜி என்ற கேட்டசின் எடுப்பது பற்றி எச்சரித்தது. கிளாஸில் குடிக்கிற டீ வேறு. அதைப் பிழிந்து அடைத்த மாத்திரை வேறு.

30/
வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். சுவரோரமா ஒரு உறுதியான நாற்காலி. கையை மார்பில் கட்டிக்கிட்டு, அஞ்சு தடவை முழுசா எழுந்து உட்காரச் சொல்லுங்க. நீங்க பக்கத்திலேயே நில்லுங்க. 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்கணும். கெண்டைக்காலின் பெருத்த இடத்தை டேப்பால் அளந்து பாருங்க. ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ.-க்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான். ஆசிய நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து 2019-ல் வகுத்த அளவுகள் இவை. கைப்பிடி பலம் உட்பட மற்ற சோதனைகளை டாக்டர் பார்ப்பார்.

31/
பாட்டிக்கு என்ன சொன்னேன்? டீயை நிறுத்தச் சொல்லல. 72 வயசில் ஒரு கிளாஸ் டீ என்பது பேச்சுத் துணையும்கூட. அஞ்சு வேளையை ரெண்டாக்கினோம். சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் தள்ளி. பால் சேர்த்தே குடிக்கட்டும். பன்னுக்குப் பதில் முட்டை, சாயங்காலம் நல்லா வெந்த சுண்டல் மசிச்சு. ரத்தசோகைக்கும் எடை குறைவதற்கும் காரணம் தேடி டெஸ்ட்கள் எழுதினேன்.

32/
அப்புறம் பிசியோ அறைக்கு அனுப்பினேன். மகன் பக்கத்தில் நிற்க, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து உட்காரணும். முதல் நாள் மூணு தடவை. மூணாவது தடவை எழுந்தபோது பாட்டி மகனைப் பார்த்து "விடுடா கைய" என்றாங்க. கால் நடுங்கிச்சு. ஆனா நின்னாங்க.

33/
பிளாக் டீயும் தசையும் பற்றிய ஆய்வுகள் தொடரட்டும். தட்டில் தெரிந்தது ஒருநாள் நல்ல மருந்தாகவும் வரலாம். அதுவரைக்கும் டீயை டீயாகக் குடிங்க. குடிச்சு முடிச்சதும் கிளாஸைக் கழுவ வீட்டுப் பெரியவங்களை எழுந்து போக விடுங்க. பாசத்துல நாமளே வாங்கி வெச்சுடாதீங்க. அந்த எழுந்து நிற்கிறதும் பயிற்சிதான்.

இன்னிக்குச் சாயங்காலம் அந்த நாற்காலி டெஸ்ட்டைச் செஞ்சு பார்த்துட்டு எத்தனை விநாடின்னு எழுதுங்க.